கடப்பாறை இறங்காத மண்

விழுப்புரம் சைட்
10-09-2025

எஸ்டிமேட் பிரிவு,
திண்டிவனம் அலுவலகம்.

அம்மையீர்,

"இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, போன்ல ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று போன மாதம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது சொன்னாய். இதோ, எழுதுகிறேன். கட்டிய பெண்டாட்டியை 'அம்மையீர்' என்று கூப்பிட்டு எழுதும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கம்பெனி வேன் எப்படியும் பில்களை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வருகிறது. தேவசகாயம் அண்ணன் இதையும் கொண்டுவந்து தருவார்.

பொருள்: வளவனூருக்கு அந்தாண்ட இருக்கும் காலனிக்கு நாம் கட்ட எடுத்த மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி.

அடித்தளத்துக்குக் குழி தோண்டினோம். மேலாக ஓரடிக்கு நல்ல இறுகிய மண். அதற்குக் கீழே எல்லாம் கறுப்புக் களி. ஆள் உயரம் போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. பொக்லைன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதை இழுக்க இன்னொரு பொக்லைனை வரவழைத்தேன். இரண்டுக்கும் மணிக்கணக்கில் வாடகை ஓடியது. மண் பரிசோதனைக்கு ஆள் பிடித்துப் பார்த்தேன். "சார், இது மேல தொட்டிய வச்சீங்கன்னா தண்ணி ரொப்புன அன்னிக்கே ஒரு பக்கம் குந்திக்கும்" என்றான். பைல் போடவேண்டுமாம். களியைத் தாண்டிக் கெட்டி மண்ணைத் தொடும்வரை துளைத்து, உள்ளே கான்கிரீட் கால் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு மீட்டர் ஆழம் கேட்கிறான்.

உன் எஸ்டிமேட்டை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். பைல் என்று ஒரு வரி இல்லை. தண்ணீர் இறைக்க ஒரு வரி இல்லை. திருத்திய எஸ்டிமேட்டை உடனே அனுப்பி வைக்கவும்.

வெண்ணிலாவின் அறிவியல் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வேனில் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினாளா?

இப்படிக்கு,
வல்லரசு,
சைட் இன்ஜினியர்


திண்டிவனம்
13-09-2025

வல்லரசு அவர்களுக்கு,

புத்தகம் வந்தது. திட்டு வாங்கியாகிவிட்டது.

திருத்திய எஸ்டிமேட் கேட்டிருக்கிறீர்கள். எதைத் திருத்த? ஏப்ரலில், டெண்டர் போடுவதற்கு முன்னால், சைட் பார்க்கப் போனது நீங்கள். வழக்கம்போலக் கடப்பாறையை ஓங்கித் தரையில் குத்தி, அந்தச் சத்தத்தை போனில் என்னைக் கேட்க வைத்தீர்கள். ணங்கென்றது. "கேட்டுக்கினியா கலை? எறங்கவே மாட்டேங்குது. மேல்மலையனூரு மண்ணு மாதிரியே கெட்டி" என்றீர்கள். மேல்மலையனூர்த் தொட்டிக்கும் நாம் இப்படித்தானே செய்தோம். அது கச்சிதமாக வந்தது. மற்றவர்கள் எல்லாம் மண் பரிசோதனைக்கு அலைகிறார்கள், நமக்கு ஒரு கடப்பாறையும் ஒரு போனும் போதும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அதனால் பழைய ஷீட்டையே திறந்து, ஊர்ப் பெயரை மாற்றி, ரேட்டை மாற்றி, அனுப்பிவிட்டேன்.

வெயிலில் காய்ந்த நெல் வயல் எதுவானாலும் சித்திரையில் ணங்கென்றுதான் சொல்லும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொன்னது நீங்கள் என்பதால் நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கோபம்தான் எனக்கு. களிமண் மேல் இல்லை. போன மாதம் குழியில் முதலில் தண்ணீர் ஊறிய அன்று அத்தை எதிரில் "எல்லாம் உன் எஸ்டிமேட்டால வந்தது" என்றீர்களே, அதன்மேல்.

முதலாளியிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். துரைக்கண்ணு சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டிசைனும் நம்மளுது, கட்றதும் நம்மளுது, மொத்தமா ஒரே தொகை. ஒரு ரூவா ஏத்திக் குடுக்க மாட்டாங்க. அந்தத் தொகைக்குள்ள வேலைய முடிக்கச் சொல்லும்மா உன் வீட்டுக்காரர" என்று சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

வேலையை விட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கம்பெனி லைசென்ஸே என் டிகிரி சர்டிபிகேட்டைக் காட்டித்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒரிஜினல் அவர் பீரோவில் இருக்கிறது. அவர் கண் எதிரிலேயே பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முடிந்ததைச் செய்திருக்கிறேன். மேல்தளக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகளைப் புதிதாக வாங்காமல் மேல்மலையனூரில் கழற்றியதையே கொண்டு வரலாம். கம்பியை வெட்டும்போது துண்டு விழாமல் இருக்க வெட்டுப் பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன். வாட்ச்மேன் ஷெட், பெயிண்ட், சுற்றுச்சுவர் எல்லாவற்றிலும் கிள்ளிக் கிள்ளி எடுத்து 'பைல்' என்று ஒரு வரி உண்டாக்கியிருக்கிறேன். போதாது. ஆனால் இதற்குமேல் கிள்ள இடமில்லை.

கலைப்பிரியா


விழுப்புரம் சைட்
24-09-2025

கலை,

அம்மையீரை விட்டுவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

உன் வெட்டுப் பட்டியலைக் கம்பி கட்டுகிறவர்களிடம் கொடுத்தேன். "அம்மா ஆபீஸ்ல குந்திக்கினு எங்க கம்பிய எண்ணிக்கினு கீறாங்களா?" என்று சிரித்தார்கள். ஆனால் அதன்படியே வெட்டுகிறார்கள். இப்போது துண்டுக் கம்பி என்று சைட்டில் கையில் எடுக்கக்கூட ஒன்று கிடையாது. சிமெண்ட் மூட்டையை உதறிவிட்டுத்தான் மடிக்கிறார்கள். டீ கூட இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாகிவிட்டது. என்னைப் பார்த்தால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இப்படிச் சேர்த்த எல்லாவற்றையும் பம்ப் குடித்துவிடுகிறது. சாயங்காலம் ஒரு மழை பெய்தால் போதும், குழி ரொம்பிவிடும். விடிய விடிய டீசல் ஊற்றி இறைத்தால் காலையில் பக்கத்து வயலிலிருந்து மறுபடி ஊறுகிறது.

நேற்று முதலாளி வந்திருந்தார். குழி ஓரத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, உன்னுடைய திருத்திய ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வல்லரசு, உன் சம்சாரம் போட்ட கணக்குதான் இது. பைலுக்கு இவ்ளோதான் துட்டு கீது. இந்தத் துட்டுக்கு எத்தினி மீட்டர் வரும்?" என்றார். ஆறு என்றேன். "அப்ப ஆறு போடு. ரிஜிஸ்டர்ல பன்னெண்டுன்னு எழுதிக்கோ. மண்ணுக்குள்ள பூந்து யாரு பாக்கப் போறா?" என்றார்.

நீ எனக்கு உதவியாகக் கிள்ளிச் சேர்த்த பணம் இப்போது என் கழுத்தில் சுருக்காக வந்து விழுந்திருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால், பணமே இல்லை சார் என்று சொல்லி வேலையை நிறுத்தியிருப்பேன். பாதி இருப்பதால் பாதி போடு என்கிறார்.

காலனிப் பெண்கள் இந்த வழியாகத்தான் லாரித் தண்ணீருக்குப் போகிறார்கள். தினமும் ஒருத்தியாவது நின்று, "எப்ப சார் முடியும்?" என்று கேட்கிறாள். என்ன செய்வது என்று சொல். ஒரே ஒரு தடவை போன் எடுக்க மாட்டாயா?

வல்லரசு


திண்டிவனம்
27-09-2025

வல்லரசு அவர்களுக்கு,

போன் எடுக்க மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆறு மீட்டர் என்று நான் எங்கும் எழுதவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஷீட்டை வைத்து அவர் அப்படிக் கேட்டார் என்று படித்ததும் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

டெண்டர் திறந்த அன்று நானும் போயிருந்தேனே, நினைவிருக்கிறதா? நம் தொகையை வாசித்ததும் மற்ற கான்ட்ராக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வந்து, "பலே தைரியம்மா உனக்கு" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். வீட்டுக்கு வரும்போது உங்களுக்கு வளவனூரில் பாதுஷா வாங்கி வந்தேன். அவர்கள் எல்லோரும் பைல் போட்டுத்தான் விலை சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

முதலாளியைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை. நேரில் போய், வேலையை நிறுத்தி ஊராட்சியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் சார் என்றேன். "சொல்லிட்டு? டெபாசிட்டு போவும். நம்ம பேர கருப்புப் பட்டியல்ல போடுவான். அப்புறம் ஒரு சாக்கடை வேல கூடக் குடுக்க மாட்டான். நம்ப ஆளுங்க அத்தினி பேரும் எங்க போவாங்க? நீ எங்க போவ? சத்தத்தக் கேட்டு எஸ்டிமேட் போட்ட பொண்ணுன்னு சொன்னா எந்தக் கம்பெனி உன்ன சேத்துக்கும்?" என்றார். 

ஒன்று மட்டும் சொல்கிறேன். பைல் ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று சைட்டில் நிற்கிற உங்களுடையது, இன்னொன்று கம்பெனியின் இன்ஜினியர் என்ற முறையில் என்னுடையது. என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வெண்ணிலா "அப்பா ஏன் லெட்டர் போடுறாரு, அவரு மிலிட்டரிலயா இருக்காரு?" என்று கேட்டாள்.

கலை


விழுப்புரம் சைட்
13-10-2025

கலை,

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பைல் முடிந்தது. இரண்டும் ஆறு மீட்டர். ரிஜிஸ்டரில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேவசகாயம் அண்ணனிடம் ரிஜிஸ்டரைக் கொடுத்திருக்கிறேன். நீயும் போட்டு அனுப்பிவிடு.

திட்டுவதற்கு முன் முழுசாகப் படி. துளை போடும் மிஷின் வாடகைக்கு வந்து சும்மா நின்றுகொண்டிருந்தது. நின்றாலும் வாடகை, ஓடினாலும் வாடகை. மிஷின் ஓனர், "போட்றியா, எடுத்துக்கினு போவட்டா?" என்று காலையிலிருந்து கத்துகிறான். முதலாளி போனை எடுத்து ஒரே வார்த்தை, "போடு" என்றார். மேலே கறுத்துக்கொண்டு மழை வருகிறது. ஆட்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் உன்னைத்தான் நினைத்தேன். கம்பெனி விழுந்தால் முதலில் உன் பேர்தான் நாறும். என் கையெழுத்தோடு போகட்டும் என்று கையை ஆட்டிவிட்டேன்.

பொறுப்பு எல்லாம் என்னுடையது. நீ எதையும் பார்க்க வேண்டாம். நான் சொன்னேன் என்று போட்டுவிடு. தீபாவளிக்கு வந்து உன்னையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு ஒரு பாவாடை சட்டை பார்த்து வைத்திருக்கிறேன், மஞ்சள். அளவு சரியாக இருக்குமா தெரியவில்லை, வளர்ந்திருப்பாள்.

உன் வல்லரசு


திண்டிவனம்
16-10-2025

ரிஜிஸ்டரைத் திருப்பி அனுப்புகிறேன். என் கையெழுத்து இல்லாமல்.

'நான் சொன்னேன் என்று போட்டுவிடு.' இதே வார்த்தையை நம்பித்தானே ஏப்ரலில் போட்டேன்! எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்காக என்று சொல்லி என்னை ஒரு தொட்டிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்கள். அது நிரம்பினால் எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டவள் நான். எத்தனை லாரி கல்லுக்குச் சமம் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலனிப் பிள்ளைகள் நிழலுக்கு அதன் அடியில்தான் விளையாடுவார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான்.

அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். மறைக்கப் போவதில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். வேலையை விடுகிறேன், சர்டிபிகேட்டைக் கொடுங்கள் என்றேன். "லைசென்ஸ் முடியிற வரைக்கும் தர முடியாதும்மா. நீ போட வேணாம். வேற ஆள வச்சுப் போட்டுக்கிறேன்" என்று நிதானமாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தத் தொட்டி என் சர்டிபிகேட்டின் மேல்தான் நிற்கப் போகிறது. வீட்டில் இருந்தாலும், திண்டிவனத்தை விட்டு ஓடிப் போனாலும், அது விழுகிற அன்று என் பெயரைத்தான் எடுப்பார்கள். கதவு இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

நான் நிறுத்த முடியாது. என்னிடம் ஒரு பேனாதான் இருக்கிறது, அதற்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிஷினுக்கு முன்னால் நிற்பது நீங்கள்.

தீபாவளிக்கு வரவேண்டாம். பாவாடையை வேனில் கொடுத்தனுப்புங்கள். அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கலைப்பிரியா


விழுப்புரம்
30-10-2025

கலை,

இது தபாலில் வரும். என் கடிதங்களை வேனில் ஏற்றக் கூடாது என்று முதலாளி உத்தரவு. தேவசகாயம் அண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சில நாள் வேலையை இழுத்தடித்தேன். பம்ப் ரிப்பேர் என்றேன், கம்பி வரவில்லை என்றேன். தீபாவளி முடிந்து மூன்றாவது பைலுக்கு மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆறு மீட்டர் வந்ததும் ஓட்டுகிறவன் வழக்கம்போல என்னைப் பார்த்தான். எனக்கு அந்த ஆள் கண்ணைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "எறக்குடா, இன்னும் எறக்கு" என்றேன். பன்னிரண்டு வரைக்கும் இறங்கிய பிறகுதான் கெட்டி மண் தட்டியது. பிறகு மிஷினை அணைக்கச் சொல்லிவிட்டு, ஷெட்டில் உட்கார்ந்து ஊராட்சியின் இன்ஜினியருக்கு எழுதினேன். முதல் இரண்டு பைலும் ஆறு மீட்டர்தான், பன்னிரண்டு என்று எழுதியது நான், சோதித்துப் பாருங்கள் என்று. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கினேன்.

மறுநாளே வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். குழியைப் பார்த்துக்கொண்டே, "என்னயும் சேத்து இதுல போட்டு மூடிட்ட, வல்லரசு" என்றார். குரலே எழும்பவில்லை. இனிமேல் சைட்டில் கால் வைக்கக் கூடாது என்றார். என்மேல் விசாரணை வரும். எனக்கு இனி யார் வேலை தருவார்கள் என்று தெரியவில்லை. உன் சர்டிபிகேட்டையும் இந்தக் கோபத்தில் தரமாட்டார். ஆட்கள் இரண்டு வாரக் கூலி இல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தூக்கம் மட்டும் வருகிறது.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். சைட் பார்வை அறிக்கை. ஏப்ரலில் நான் நிரப்பி உனக்கு அனுப்பியிருக்க வேண்டிய அதே படிவம். மண்: மேலே ஓரடி காய்ந்த ஓடு, கீழே களி. தண்ணீர்: ஆள் உயரத்துக்குள். பைல் இல்லாமல் ஆகாது. எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில் 'பார்வையின்போது உடனிருந்தவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

வேனில் அனுப்பிய பாவாடை அவளுக்கு அளவாக இருந்ததா?

வல்லரசு


திண்டிவனம்
10-11-2025

என்னங்க,

பாவாடை குட்டை. பிரித்து இறக்கிவிட்டேன். அதையேதான் நேற்றும் போட்டுக்கொண்டாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து வளவனூர் பஸ் பிடித்துச் சைட்டுக்குப் போனோம். இத்தனை வருஷமாக எஸ்டிமேட் போடுகிறேன், போட்ட இடத்தை நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. குழி நிறையத் தண்ணீர். தவளை கத்துகிறது. நீங்கள் போட்ட மூன்றாவது பைலின் கம்பிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்றார். "இந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்டவ நான்தாங்க" என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வழி விட்டார்.

ஷெட்டில் உங்கள் கடப்பாறை சாத்தியிருந்தது. எடுத்து ஓங்கிக் குத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு முழத்துக்கு இறங்கிவிட்டது. நானும் வெண்ணிலாவும் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தோம். அவள் புதுப் பாவாடையெல்லாம் சேறு.

படிவத்தில் உடனிருந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த முறை பார்த்துவிட்டுப் போட்டேன். அதை நகலெடுத்து, எஸ்டிமேட் போட்டது நான், மண்ணைச் சோதிக்காமல் போட்டேன் என்று ஒரு கடிதமும் வைத்து ஊராட்சி இன்ஜினியருக்கு அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட முடியாது. காலையில் முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். அவர் பீரோச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நீங்கள் வளவனூர் டீக்கடையில்தான் தினமும் உட்கார்ந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். பஸ் அந்த வழியாகத்தான் வந்தது. ஜன்னலில் பார்த்தேன், இருந்தீர்கள். தாடி வைத்திருக்கிறீர்கள். கூப்பிட வாய் வரவில்லை. பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சைட்டிலிருந்து திரும்பும்போது அஞ்சம்மாள் என்று ஒரு அம்மா, இடுப்பிலும் தலையிலும் குடத்தோடு நின்றார். "டேங்கு கட்றவங்களா நீங்க? எப்பம்மா முடியும்? லாரிக்காரன் பின்னாடி ஓடி முட்டியே பூடுச்சி" என்றார்.  என் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று, ஏனோ, அப்படியே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அவருக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அதை எழுத வேண்டாம். போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.

கலை